காசிலிங்க அத்தானின் கொழுப்பு

என் அக்காள் முத்துக்கனியைக் கட்டிய மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வார்த்தைக்கே பேனா மக்கர் பண்ணுகிறது. அத்தானோடு முப்பது வருஷம் சொந்தம் கொண்டாடியவன் நான். அதில் பாதி நாள் பேச்சு வார்த்தை கிடையாது. மீதி நாள் சண்டை.

காசிலிங்கம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் தூத்துக்குடியில் ஒருவருக்கும் தெரியாது. கருப்பட்டி அண்ணாச்சி என்றால் துறைமுகக் கூலி முதல் தாலுகா ஆபீஸ் சேவகன் வரை கை காட்டுவான். உடன்குடியிலிருந்தும் திசையன்விளைப் பக்கமிருந்தும் மண்டிக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கும் கருப்பட்டியை, இது முதல் தரம், இது இரண்டாந்தரம், இது புகையிலை பதப்படுத்தப் போகட்டும் என்று பிரித்துச் சொல்வது அவர் தொழில். இலங்கைக்குத் தோணி ஏற வேண்டிய சரக்கு எதுவானாலும் முதலில் அவர் வாய்க்குள் ஏறி இறங்கியாக வேண்டும்.

அதை ஒரு பூசை மாதிரிதான் செய்வார். ஓலைப்பெட்டியைத் திறந்து ஒரு கருப்பட்டியை எடுப்பார். விரலால் சுண்டி சத்தம் கேட்பார். உடைத்து உள்நிறம் பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். அப்புறம் ஒரு துண்டு வாய்க்குள் போகும். வியாபாரிகள் மூச்சு விடாமல் நிற்பார்கள். "சுண்ணாம்பு கூடிப்போச்சுவே," என்பார். அல்லது, "அடி பிடிச்சிருக்கு. பெண்டாட்டியோட சண்டை போட்டுக்கிட்டே காய்ச்சினியளோ?" என்பார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அந்தத் துண்டு ஆரம்பத்தில் நகக்கண் அளவுதான் இருந்தது. பிறகு பாக்கு அளவாயிற்று. யுத்தம் முடிந்த சமயத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. பெட்டிக்கு ஒன்று! "என்ன அத்தான், ருசி பாக்கியளா, பசியாறுதியளா?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். "வலைக்கயிறு விக்கிறவனுக்குத் தொழில் நுணுக்கம் என்னல தெரியும்? போ லே அங்கன," என்றார். வலைக்கயிறுக் கடை வைத்திருப்பது ஒரு குற்றமா? ஆனாலும் மனுஷன் அப்படித்தான் பேசுவார்.

மண்டியை விட்டு வீட்டுக்கு வந்தாலும் கருப்பட்டிதான். கருப்பட்டிக் காப்பி, கருப்பட்டிப் புட்டு, பணியாரம், கடைசிப் பிடி சோற்றுக்கும் ஒரு கடி கருப்பட்டி. முட்டையைக் கண்டால் குமட்டும் என்பார். பருப்பு வாய்வு என்பார். பால் என்றால் மாட்டு வாடை. கறி சாப்பிடலாம் என்றால் கடைவாய்ப் பல் எல்லாவற்றையும் கருப்பட்டி ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தது. மிச்சம் இருந்தது மீன் ஒன்றுதான். கடலுக்கு இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு மீன் இல்லாத சோறு சோறா? அந்த மீனையும் தானே கெடுத்துக்கொண்டார்.

கெடுத்துக்கொண்ட கதை இது. தருவைகுளத்திலிருந்து கூடை சுமந்து வரும் அமலோற்பவம் என்ற பரவப் பெண்ணிடம்தான் எங்கள் வீட்டுக்கெல்லாம் மீன். கை சுத்தம், வாய் மட்டும் காரம். ஒருநாள் சந்தையில் அவளிடம் நெய்மீன் துண்டு ஒன்றை அத்தான் கையில் எடுத்தார். கருப்பட்டியை முகர்கிற மாதிரியே முகர்ந்தார். கண்ணை மூடினார். "பழைய மீனு," என்றார்.

"காலைல வந்த மீனு அண்ணாச்சி. விலையைக் குறைக்கணும்னா குறைக்கச் சொல்லுங்க. மீனைக் குறை சொல்லாதிய," என்றாள் அவள்.

"என் மூக்குக்கு எதிர்ப்பேச்சா? பழசுன்னா பழசுதான்."

பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு முறை முகர்ந்து பார்த்தார்கள். எல்லாரும் புதுசு என்றார்கள். அமலோற்பவம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "கருப்பட்டியை நக்கி நக்கி அண்ணாச்சிக்கு மூக்கு செத்துப்போச்சு போல," என்றாள்.

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அத்தானுக்கு முகம் கறுத்தது. துண்டைக் கூடையில் வீசிவிட்டு எல்லாரும் கேட்கச் சொன்னார்: "திருச்செந்தூர் முருகன் சத்தியமாச் சொல்லுதேன். நீ என் வாசல்ல வந்து நின்னு, 'நான் கொண்டுவந்தது பழைய மீனு'ன்னு உன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் என் வீட்டு அடுப்புல மீன் வேகாது. என் நாக்குல மீன் படாது."

"நடந்தாப்பலதான்," என்றாள் அவள்.

அத்தோடு அக்காள் வீட்டில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. நாலு வருஷம்! அக்காள் மட்டும் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, என் பெண்டாட்டி வைத்த சாளைக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து வெற்றிலை போட்டுக்கொண்டு போவாள். "அத்தான் கண்டுபிடிச்சிர மாட்டாரா?" என்று கேட்டேன். "வெத்திலை வாசத்துல எல்லாம் அமுங்கிரும்லே," என்றாள். கையெல்லாம் மீன் வாடை வீசும். அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வெற்றிலைக்கு நாங்கள் அவ்வளவு மரியாதை கொடுத்தோம்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாசம், அத்தானுக்கு வலது விலாவுக்குக் கீழே கனக்க ஆரம்பித்தது. நாலு எட்டு நடந்தால் இளைத்தது. ஆள் பார்க்க ஊதிப்போய், ஆனால் முகத்தில் ரத்தம் இல்லாமல் இருந்தார். மதுவிலக்கு வந்து எல்லாரும் எல்லாரையும் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஈரல் வீங்கியிருக்கிறது என்று யாரோ நாட்டு வைத்தியர் சொல்லப்போக, "கருப்பட்டி அண்ணாச்சி ராத்திரியில கமுக்கமா ஊத்திக்கிடுதாராம்," என்று ஊர் பேசிற்று. பதநீரைக்கூடப் புளித்துவிட்டால் தொடாத மனுஷன்! எனக்கே வயிறு எரிந்தது. சண்டைக்காரர்தான், குடிகாரர் இல்லை.

அக்காள் பிடிவாதம் பிடித்ததில் ஒருவழியாகப் புது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் ஞானதீபம் பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவர், சின்ன வயசு. அத்தானைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். எழுந்து கை கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குக் கொழுப்பு. அதிகமாவே இருக்கு."

அத்தான் எழுந்து உட்கார்ந்தார். "யாருக்குக் கொழுப்பு? டாக்டரே, மரியாதையாப் பேசும். பீஸு வாங்கிட்டு ஏசுதீரோ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபது வருஷமாக நானும் அக்காளும் சொல்லிக்கொண்டிருந்ததைத்தானே டாக்டர் ஒரே அழுத்தில் கண்டுபிடித்துவிட்டார்! அக்காள் என் தொடையில் கிள்ளினாள்.

"ஐயையோ, ஈரல்ல கொழுப்புன்னு சொன்னேன்யா," என்று டாக்டர் பதறிப்போய் விளக்கினார். "குடிப்பீங்களா?"

"கள்ளுன்னு எழுதின கடைப் பக்கங்கூடப் போனதில்ல."

"அப்ப என்ன சாப்பிடுதீங்க?"

அக்காள் சொன்னாள். பெட்டிக்கு ஒரு துண்டு என்பதிலிருந்து கடைசிப் பிடிச் சோறு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கிற சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

"குடிச்சாத்தான் ஈரல் கெடும்னு இல்ல. சீனியே போதும். கருப்பட்டியும் சீனிதான்," என்றார். "வெளிநாட்டுல எலிகளுக்குச் சீனியை அள்ளிக் கொடுத்து, புரதத்தைக் குறைச்சுப் பாத்திருக்காங்க. ஈரல் பூராவும் கொழுப்பு ஏறிருச்சு. அதே எலிக்குச் சத்தான புரதத்தைக் கொடுத்தா கொழுப்பு இறங்கிருச்சு. நம்ம துறைமுகத்தையே பாருங்க. தின்ன சீனி எல்லாம் ஈரல்னு ஒரு சரக்குக் கிட்டங்கியில வந்து இறங்குது. அங்க கொழுப்பா மாறி அடுக்குது. வெளிய ஏத்திட்டுப் போகத் தோணி வேணும்லா? அந்தத் தோணிக்கு வேண்டிய மரமும் ஆணியும் புரதம் இருக்கிற சாப்பாட்டுலதான் இருக்கு. மெதியோனின்னு ஒண்ணு. கோலின்னு ஒண்ணு. உங்க கிட்டங்கிக்குச் சரக்கு வந்துக்கிட்டே இருக்கு. தோணிதான் இல்ல."

"கோலினா? அவன் எந்தக் கம்பெனித் துரை?" என்றார் அத்தான்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டை, பால், பருப்பு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அத்தான் குமட்டல், வாடை, வாய்வு என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். "அப்ப மீன் சாப்பிடுங்க. கருப்பட்டியைக் குறைச்சு, தினம் மீன் சாப்பிடுங்க."

"அது மட்டும் முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"இந்தாங்க அண்ணாச்சி," டாக்டரின் குரல் மாறிவிட்டது. "இப்ப ஈரல் மெத்துன்னுதான் இருக்கு. இப்படியே விட்டா இறுகிக் கல்லாயிரும். வயித்துல தண்ணி கோக்கும். அதுக்குப் பிறகு என்கிட்ட வந்து பிரயோசனம் இல்ல."

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் அத்தான் ஆரம்பித்தார். "எலிக்கும் எனக்கும் என்னல சம்பந்தம்? நம்ம மண்டி எலி பொழுதன்னைக்கும் கருப்பட்டிதான் திங்குது. பூனை கணக்கா இருக்கு. அதுக்கு எந்த டாக்டர் வந்து ஈரலை அமுக்கினான்?"

அக்காள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த எலி மண்டியில கருப்பட்டியைத் தின்னுட்டு, சுவரைத் தாண்டி அடுத்த கிட்டங்கியில கருவாட்டைத் திங்குது. அதுக்கு யார் மேலயும் வீம்பு கிடையாது. உங்களுக்கு எலிப் புத்தியாவது இருந்திருக்கலாம்." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. எனக்கு உடம்பெல்லாம் ஆத்திரம் வந்தது. ஒரு துண்டு மீனுக்காக என் அக்காள் தாலியை இழக்க வேண்டுமா?

மறுநாள் நானும் அக்காளும் தருவைகுளம் போனோம். அமலோற்பவம் வாசலில் உட்கார்ந்து கூடைக்கு நார் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"என் மீனைப் பழசுன்னு என் வாயால நானே சொல்லணுமா? நல்லா இருக்கே நியாயம்! பனிமய மாதா மேல ஆணையா அது காலைல கரைக்கு வந்த மீனு. பொய் சொல்லிட்டு நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்?"

"அவரு செத்துப்போவாரு ஏளா," என்றாள் அக்காள்.

அமலோற்பவம் நாரைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி சத்தியம் பண்ணும்போது, 'அன்னைக்குக் கொண்டுவந்த மீனு'ன்னு சொன்னாவளா? சும்மா 'கொண்டுவந்தது'ன்னுதான சொன்னாவ?"

"கொண்டுவந்தது பழைய மீனு. அம்புட்டுத்தான்," என்றேன்.

"அப்ப சரி. நாளைக்கு வாரேன். நீங்க போங்க."

சொன்னபடி மறுநாள் காலை வந்தாள். அத்தான் மண்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அமலோற்பவம் கூடையை இறக்கி, மேலே ஓலையில் தனியாகச் சுற்றி வைத்திருந்த நெய்மீன் துண்டை எடுத்து நீட்டினாள். முந்தாநாள் மீன். நான் இரண்டு கை தூரம் தள்ளி நின்றேன். வாடை மண்டையைப் பிளந்தது. அடுக்களை வாசலில் நின்ற அக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணாச்சி," என்றாள் அமலோற்பவம், சத்தமாக, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிறாற்போல. "நான் கொண்டுவந்தது பழைய மீனு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. சத்தியமும் தீர்ந்தது. நான் மனசுக்குள் அவளைக் கும்பிட்டேன். இனி அத்தான் "அப்படி வா வழிக்கு," என்று ஒரு மிதப்புச் சிரிப்பு சிரிப்பார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. என்னையும் அக்காளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டுபேரும் தருவைகுளம் போனது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியளோ?" என்றார். அப்புறம் அவள் கையிலிருந்த துண்டை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி, ஆழமாக, நிதானமாக முகர்ந்தார். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"என் மேல இரக்கப்பட்டுப் பொய் சொல்ல வந்தியா தாயி?" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "இது காலைல வந்த மீனு. என் மூக்குக்குத் தெரியாதா? எனக்காக நீ பொய் சொல்ல வேண்டாம். அன்னைக்கும் உன் மீனு புதுசாத்தான் இருந்திருக்கும். நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

அந்த அழுகல் துண்டைப் பூவைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு அத்தான் நின்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மனுஷனுக்கு வாசனை போய் வருஷங்கள் ஆகியிருந்தன. சந்தையில் அவள் கேலியாகச் சொன்னது உண்மை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு சுட்டிருக்கிறது. மண்டியில் கருப்பட்டியைச் சத்தத்திலும் நிறத்திலும் விரல் நுனியிலும் தரம் பிரித்துவிட்டு, மூக்கை மட்டும் ஒப்புக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். போன வாசனை கொஞ்சமாவது திரும்பி வருமா என்றுதான் துண்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மென்றிருக்கிறார். மூக்கு செத்த மண்டிக்காரனிடம் யார் பெட்டியைத் திறப்பார்கள்? இது வெளியே தெரிந்தால் அவர் பிழைப்பு அன்றோடு போயிற்று. தெரிந்துகொண்டு நின்றவளோ, சந்தையில் வாய்க்குப் பேர்போனவள்.

அமலோற்பவம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. நாலு வருஷம் அவள் மீனைக் கெட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனுஷன் இவர். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு.

"ஆமா அண்ணாச்சி," என்றாள். "புது மீனுதான். காலைல வந்தது. உங்க மூக்கை யாரால ஏமாத்த முடியும்?"

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் பட்டென்று அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இது சின்னத் துண்டு, வீட்டுக்குக் காணாது. இந்தா முத்துக்கனி, இதை எடு," என்று கூடையின் அடியிலிருந்து கண் பளபளக்கிற விளமீன் இரண்டை எடுத்துப் போட்டாள். அன்று அத்தான் மண்டிக்குப் போகவில்லை. மத்தியானம் இலையில் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. "குழம்புல புளி தூக்கலு," என்று குறை மட்டும் சொன்னார்.

தெரு முனை வரை நான் அமலோற்பவத்தோடு போனேன். அந்தத் துண்டை ஒரு பூனைக்கு வீசினாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"ஏளா, பொய் சொல்லிட்டு எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்னியே?" என்றேன்.

"சனிக்கிழமை சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன். பழைய மீனைப் புது மீனுன்னு சொன்னேன் சாமின்னு சொல்லுவேன்," என்றாள். "நீங்க உங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அது போதும்."

அவர் போய்ச் சேரும்வரை சும்மா இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். கருப்பட்டித் துண்டை மறுபடி நகக்கண் அளவுக்கு அக்காள் குறைத்துவிட்டாள், அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிக் கதை. தை கழிந்து டாக்டர் விலாவை அழுத்தியபோது வீக்கம் வடிந்து ஈரல் கைக்குத் தட்டுப்படவில்லை. டாக்டர் மெதியோனினைப் புகழ்ந்தார். அத்தான், "எல்லாம் நான் மோந்து எடுத்த மீனு," என்றார்.

உண்மைதான், அவர் முகராமல் அந்த வீட்டுக்குள் மீன் போனதில்லை. அமலோற்பவம் வாசலில் கூடையை இறக்கி, "பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி," என்பாள். அவர் கண்ணை மூடி முகர்ந்து, "புதுசு," என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. காற்று அடித்துத் தோணி எதுவும் கடலுக்குப் போகாத நாட்களில் மற்றப் பெண்கள் முந்தின நாள் மீனை உப்பில் புரட்டி எடுத்துக்கொண்டு, "புது மீனு" என்று கூவித் தெருத்தெருவாக வருவார்கள். அவள் மட்டும் வெறுங்கூடையோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து, "இன்னைக்கு மீன் இல்ல அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாள்.